சேனைத் தண்ணீர்

தங்கை பவித்ரா கண்ணயர்ந்த நேரம் பார்த்து, காலையில் பிறந்த அவள் மகளுக்குச் சோலைமலை சேனை வைத்துவிட்டான். சேனை வைக்கிறவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதற்கு வீட்டார் தேர்ந்தெடுத்திருந்தது, சிரித்தால் வரி போட்டுவிடுவார்கள் என்பதுபோல் இருக்கும் அவள் மாமனாரை. அவர் வருவதற்குள் தாய்மாமன் முந்திக்கொண்டான். சர்க்கரைத் தண்ணீரை விரலால் நாக்கில் தொட்டுவைப்பதுதான் வழக்கம். தன் குணம் தாராளமாக வரட்டும் என்று பாலாடைச் சங்கையே வாயில் சாய்த்துவிட்டான். குழந்தைக்குப் புரையேறியது. இருமக்கூடத் தெரியாமல் உதடு நீலம் பாரித்தது. நர்ஸ் வாரிக்கொண்டு ஓடினாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம், மூக்கில் குழாயோடு அந்தச் சின்ன நெஞ்சு குழிந்து குழிந்து எழுந்தது. அவன் விரல்கள் இன்னும் பிசுபிசுத்தன.

"என்னாலயா?" என்று பவித்ராவின் கணவனைக் கேட்டான்.

"ஏசிக் குளிரு ஒத்துக்கலையாம், விடுங்க மச்சான்."

"பிள்ளைக்கு நேரம் சரியில்லடா" என்றாள் அம்மா.

"டாக்டர் சொல்லுவாங்க" என்றாள் நர்ஸ்.

"மாமன் குணம் வேணாம்னு துப்பிட்டா போல" என்று சொல்லிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கும் வாய் கோணியதே தவிர, சிரிப்பு வரவில்லை.

டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவன் வழியை மறித்தான்.

"நேராச் சொல்லுங்கம்மா. என்னாலயா?"

அவர் அவன் கையைப் பார்த்தார், பிறகு முகத்தை.

"ஆமா, உங்களாலதான். நீங்க ஊத்தின தண்ணி நுரையீரலுக்குள்ள போயிருக்கு. இன்னைக்குத் தாங்கிட்டா பொழைச்சுக்குவா."