என் பெயரில் ஒரு நெஞ்சுப் படம்

சொந்தப் பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது.

"கசோண்டே," என்றேன் சுரங்க ஆஸ்பத்திரி சன்னலில். உள்ளே எக்ஸ்ரே படம் எடுக்கும் முபாங்கா நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னிக்கு யாரு பேருடா அது?"

"என் பேருதான்."

சிரித்தான். எனக்கென்று ஒரு பெயர் இருப்பதே அந்தத் தடியனுக்கு மறந்துபோயிருந்தது.

இந்தச் செம்புச் சுரங்க ஊரில் நெஞ்சுப் படம் சுத்தமாக இல்லாதவனை நிலத்துக்கடியில் இறக்கமாட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் எடுத்தாக வேண்டும். நெஞ்சில் தூசி ஏறியவர்கள் காசோடு முபாங்காவைத் தனியாகப் பார்ப்பார்கள். முபாங்கா என்னைக் கூப்பிடுவான். நான் அவர்கள் பெயரில் போய், சில்லென்ற தகட்டில் மாரை ஒட்டி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். டாக்டர் ஆளைப் பார்ப்பதில்லை, படத்தைத்தான் பார்ப்பார்.

மூன்று வருஷமாக இந்த ஈனப் பிழைப்பு. என் பங்கு காசு வீட்டில் நிஷிமாக் களி கிண்ட சோள மாவு வாங்கக் காணும்.

ஆசைப்பட்டு வந்தவனில்லை நான். ஏழு காண்டிராக்டர்களிடம் வேலை பார்த்தேன். எல்லாம் மேல்தளத்தில் மூட்டை தூக்குகிற வேலை, அதனால் நெஞ்சு மட்டும் தப்பியது. செம்பு விலை இறங்கினால் முதலில் வீட்டுக்கு அனுப்புவது எங்களைத்தான். ஒருவன் கேட்டைப் பூட்டி ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனான். ஒருவன் ஒப்பந்தம் நிரந்தரமாவதற்கு இரண்டு நாள் முன்னால் கை குலுக்கி, ஒரு தொப்பியும் கொடுத்து அனுப்பினான்.

போன மாதம் சுரங்கக் கம்பெனியே நேரடியாக ஆள் எடுத்தது. இடையில் காண்டிராக்டர் கிடையாது. நிரந்தர வேலை, பிள்ளைகளுக்குக் கம்பெனிப் பள்ளிக்கூடம். எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டேன். பாக்கி இந்தப் படம் ஒன்றுதான். எப்படியும் கழற்றப்போகிற சட்டை என்று தெரிந்தும் என் மனைவி அதற்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

எனக்குப் பின்னால் நின்றவர் சிலேஷே அண்ணன். இருபது வருஷம் பாறை துளைத்தவர். கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு இருமினார். முபாங்காவிடம் போகச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். பொய் சொல்லிப் பிழைக்கமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார்.

"மூணு நாள் உபவாசம் இருந்தேன் தம்பி," என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

என் முறை வந்தது. தாடையை உயர்த்தி மூச்சை இழுத்துப் பிடித்தேன். எனக்காக மூச்சுப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் பட்டியல் ஒட்டினார்கள்.

கசோண்டே: தகுதியில்லை. நுரையீரலில் தூசி.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். முபாங்கா சாவகாசமாக வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். விளக்குப் பலகையில் இரண்டு படங்கள் அடுத்தடுத்துத் தொங்கின. சிலேஷே என்று எழுதியிருந்த படத்தில் இடது காறையெலும்பு கோணலாக இருந்தது. சிறுவயதில் மாமரத்திலிருந்து விழுந்து நான் கோணலாக்கிக்கொண்ட எலும்பு. அதை நாற்பது பேருடைய பெயர்களில் பார்த்திருக்கிறேன். என் பெயர் எழுதியிருந்த படத்தில் நெஞ்சு முழுக்க மாவைச் சிந்தியதுபோல் வெள்ளைப் புள்ளிகள்.

"மாத்திட்டியாடா, நாயே!"

அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. கடலைத் தோலை ஊதினான்.

"நீ கீழே இறங்கினா நாலு வருஷத்துல இந்த நெஞ்சும் கெட்டுப்போயிடும். அப்புறம் நாப்பது குடும்பத்துக்கு நான் எங்கடா போவேன்? உனக்குப் பின்னாடி நின்னவரு படம் தோதா இருந்துச்சு, மாத்தினேன்."

"டாக்டர்கிட்ட போறேன்."

"போ. நாப்பது படத்துல இருக்குற எலும்பு யாருதுன்னு முதல்ல கேப்பாரு." எழுந்து வந்து என் தோளில் கை போட்டான். "ஏழு பேரு உன்னைத் துரத்தினானுங்க. இந்த மூணு வருஷத்துல நான் ஒருநாளாவது உன்னை வேலையை விட்டு நிப்பாட்டியிருக்கேனா? சொல்லுடா."

அந்தக் கையை நான் தட்டிவிடவில்லை. அவனைவிட என்மேல்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

வெளியே வந்தேன். சிலேஷே அண்ணன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். கண்ணெல்லாம் ஈரம்.

"தம்பி, சுத்தமாம்! ஒரு புள்ளிகூட இல்லையாம்! கர்த்தர் கழுவிட்டாரு தம்பி!"

அதற்குமேல் பேச முடியாமல் இருமல் அவரைக் குனியவைத்தது. நிமிர்ந்தபோதும் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். நாளைக் காலை முதல் ஷிப்டில் கீழே இறங்கவேண்டும் என்று கையிலிருந்த சீட்டில் எழுதியிருந்தது.

சொல்லிவிட வாயைத் திறந்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த வருஷமும் படம் இப்படியே வரணும்னு எனக்காக வேண்டிக்கோ தம்பி."

மற்றக் கையால் என் கோணல் எலும்பைத் தடவிக்கொண்டேன்.

"வரும் அண்ணே," என்றேன்.