சீக்கிரம் எரிந்த விளக்கு

"அக்கா, இந்த லைட்டுக்கு என்ன பைத்தியமா? இன்ஜின் இன்னும் மூச்சே பிடிக்கல, அதுக்குள்ள கியரை மாத்து மாத்துன்னு உசுர வாங்குது!"

ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே கத்தினான் புது டிரைவர். காபியை ஆறவிடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிறவன். அவனுக்கு எல்லோரும் வைத்த பெயர் அவசரம்.

அவள் லேப்டாப் கேபிளைக் காரில் செருகினாள்.

ரேஸ் கார்களின் இன்ஜினுக்குக் கடிவாளம் போடுவது அவள் வேலை. இந்த இன்ஜின் நிமிடத்துக்கு ஏழாயிரத்து அறுநூறு சுற்றைத் தாண்டினால் வால்வு ஸ்பிரிங் தாங்காது. அதனால் அந்த இடத்தில் பெட்ரோல் தானாக நின்றுவிடும்படி வைத்திருந்தாள். கியரை அதற்குச் சற்று முன்பே, ஏழாயிரத்து இருநூறில் மாற்றிவிட வேண்டும். ஓடுகிற ஓட்டத்தில் சுற்றைக் காட்டும் முள்ளைப் பார்க்க யாருக்கு நேரம்? ஸ்டியரிங்குக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான்.

ஆனால் கண் பார்த்து, கை கியரைத் தொடுவதற்குள் முள் மேலே ஓடியிருக்கும். அதனால் ஆளைப் பார்த்து விளக்கைக் கொஞ்சம் முன்னாலேயே எரியவிட வேண்டும். சாதாரணமாக இருநூறு சுற்று முன்னால் எரிந்தால் போதும்.

திரையில் இருந்தது தொள்ளாயிரம்.

அது தன் அண்ணனுக்காக அவள் வைத்த கணக்கு. அழிக்க மனசு வராமல் அப்படியே விட்டுவைத்திருந்தாள்.

அண்ணன் அங்கேதான் இருந்தார். டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து, டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். போன சீசன் வரை இந்தக் கார் அவருடையது. அவள் டியூன் செய்வாள், அவர் ஓட்டுவார். அவர் கியர் மாற்றும் சத்தத்தைக் கேட்க, எதிர் அணி மெக்கானிக்குகள்கூட ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

மூன்று சீசனுக்கு முன்னால் ஒரு நாள், பாதையோரத் தடுப்புச் சுவரருகே நின்றிருந்தவள் காதில் அது விழுந்தது. நேர்ப்பாதையில், கியர் மாறுவதற்கு முன்னால் ஒரு திக்கல். இன்ஜின் வரம்பில் போய் முட்டிக்கொள்ளும் சத்தம். அண்ணன் கை கொஞ்சம் பிந்தியிருந்தது.

வயசாகிறது, வேறென்ன என்று நினைத்தாள். அதைப் போய் அவரிடம் சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். காதும் காதும் வைத்த மாதிரி விளக்கை இன்னொரு நூறு முன்னால் தள்ளிவைத்தாள். திக்கல் போய்விட்டது. அன்று கோப்பையோடு வந்த அண்ணன், "லைட்டும் கையும் ஒண்ணாப் போகுது பாப்பா" என்றார். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அப்புறம் இன்னொரு நூறு. அந்தச் சீசன் முடிவதற்குள் மேலும் ஒன்று. திக்கல் கேட்ட போதெல்லாம் தள்ளினாள். யாருக்கும் தெரியாமல் அண்ணனைத் தாங்கிப் பிடிப்பதாகப் பெருமை வேறு.

போன வாரம் நரம்பு டாக்டர் கேட்டார், கை மெதுவாகிவிட்டது எப்போதிலிருந்து என்று.

அண்ணன் யோசிக்கவே இல்லை. மூன்று மாதமாகத்தான் சட்டைப் பட்டன் போட வரவில்லை என்றார். அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, கடைசி ரேஸ் வரை விளக்கு எரிந்ததும் கியர் மாறியிருக்கிறது, வேண்டுமானால் தங்கச்சியைக் கேளுங்கள் என்றார்.

ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், நல்லதாகப் போயிற்று என்று சொல்லி, அதற்குத் தகுந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார் டாக்டர். அவள் பக்கத்து நாற்காலியில் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

திறந்திருக்க வேண்டும். அந்த அறையிலாவது. அதற்கும் முன்னால், அந்த முதல் திக்கலிலேயே கேட்டிருக்க வேண்டும். கையில் என்னண்ணா என்று ஒரே ஒரு வார்த்தை.

"எனக்கு அந்த லைட் ஒரு நாளும் தப்பா வந்ததில்லப்பா" என்று அவசரத்தைப் பார்த்துச் சிரித்தார் அண்ணன். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "எனக்கு எவ்வளவு வச்சிருந்தே பாப்பா? எல்லாருக்கும் போல இருநூறுதானே?"

இருநூறு என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இரண்டு தட்டுத் தட்டினால் திரையிலும் அதுவே வந்துவிடும். அவர் நிம்மதியாக டீயைக் குடித்து முடிப்பார். திங்கட்கிழமை மறுபடியும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

அண்ணன் குனிந்து பார்த்தார். தொள்ளாயிரம் சுற்று என்றால் கை எவ்வளவு பிந்தியது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டம்ளரைக் கீழே வைக்கப் போனார். அது டயர் விளிம்பில் தடதடவென்று தட்டி, டீ சிந்தியது.

அண்ணன் தன் கையைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"எப்போலேருந்து பாப்பா?"