ஆறாவது ஆணி

மரக்கடை வாசலில் தன் மனைவி கைகூப்பி நிற்பதைப் பாஸ்டர் தெருமுனையிலிருந்தே பார்த்துவிட்டார். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. தனக்காக இவள் யார் யாரிடமோ போய்க் கெஞ்ச வேண்டியதாகிவிட்டதே என்று நொந்தபடி, வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனார்.

மரக்கடைக்காரர் சபையில் பெரிய புள்ளி. பாஸ்டருக்கு வயசாகிவிட்டது, அனுப்பிவிடலாம் என்று கொஞ்ச நாளாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்.

எல்லாம் போன மாதம் நடந்த ஞானஸ்நானத்தால் வந்த வினை. பாப்டிஸ்ட் சபையில் தலையில் தண்ணீர் தெளிப்பதெல்லாம் செல்லாது. ஆளைத் தொட்டியில் முழுசாக முக்கி எடுக்க வேண்டும். அன்று தொட்டியில் இறங்கிய பஸ் டிரைவர் வாட்டசாட்டமான மனுஷர். அவரை முக்கப் போன பாஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் சரிந்துவிட, டிரைவர்தான் அவரைத் தூக்கி நிறுத்தினார். யார் யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்றே தெரியவில்லை என்று சபையே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. பாஸ்டரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"வெறும் வாயு" என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமே அவர் மேடையேறினார். டாக்டர் சொன்னதை வெளியே மூச்சு விடவில்லை.

அந்தச் சபையின் சரித்திரமே அலாதியானது. ஆரம்பித்த நாலு குடும்பமும் சுவர் எழுப்புவதற்கு முன்பே தொட்டியைக் கட்டிவிட்டார்கள். எதற்கெடுத்தாலும் ஓட்டெடுப்புதான். மின்விசிறியை எங்கே மாட்டுவது என்று ஒரு தடவை கை தூக்கியபோது, மச்சான்கள் இரண்டு பேர் ஒருவர் கையை ஒருவர் பார்த்துத் தொலைத்து, சாகும்வரை பேசிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டுதான் கை தூக்க வேண்டும். செயலாளர் மட்டும் கண்ணைத் திறந்து எண்ணுவார்.

ஆனால் ஒரு பாஸ்டரையும் அவர்கள் அனுப்பியதில்லை. முன்பு இருந்த ஐந்து பேரும் பதவியிலேயே இறந்தவர்கள். அதில் இரண்டு பேர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே. சபையார் அதைப் பெருமையாகச் சொல்லுவார்கள். அந்த ஐவரின் படங்களும் மேடையோரச் சுவரில் வரிசையாகத் தொங்கின. ஆறாவதாக ஓர் ஆணியையும் யாரோ சேர்த்தே அடித்து வைத்திருந்தார்கள். வெறும் ஆணி கண்ணை உறுத்துகிறது என்று பாஸ்டரின் மனைவி அதில் ஒரு காலண்டரை மாட்டியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மரக்கடைக்காரர் எழுந்து, பாஸ்டருக்கு ஓய்வு கொடுத்து அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு பெண்பிள்ளை வந்து கைகூப்பி நின்ற பிறகும் இந்த மனுஷனுக்கு மனசு இரங்கவில்லையே என்று பாஸ்டருக்கு வயிறு எரிந்தது. அடுத்த ஞாயிறு ஓட்டெடுப்பு என்று முடிவாயிற்று.

அந்த வாரம் அவர் சாப்பிட்டதும் தூங்கியதும் பேருக்குத்தான். பிள்ளைகுட்டி இல்லாதவருக்கு, குடியிருக்கிற வீடும் சபையுடையதாக இருக்க, இந்தச் சபையை விட்டால் வேறு நாதியில்லை. வெட்கத்தை விட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"இந்த மேடை இல்லன்னா நான் செத்துடுவேன்ப்பா" என்று பஸ் டிரைவரிடம் சொல்லி அழுதேவிட்டார்.

டிரைவர் வெகுநேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். "அம்மாவும் நேத்துதான் வந்துட்டுப் போனாங்க பாஸ்டர்" என்று மட்டும் சொன்னார்.

ஆமாம், அவளும் சாயங்காலமானால் கிளம்பிப் போய், கால் வீங்கித் திரும்பிவந்தாள். எத்தனை பேர் தேறுவார்கள் என்று பாஸ்டர் கேட்டார்.

"பாதிக்குப் பாதிங்க. ஒரு கை அப்படி இப்படி இருக்கும்" என்றாள், காலை வெந்நீரில் வைத்தபடி.

ஓட்டெடுப்பு நாள். பாஸ்டர் மேடையில் கண்ணை மூடி உட்கார்ந்தார். எதிரே முதல் பெஞ்சில் அவர் மனைவி மட்டும். அது ஒரு கால் ஆடுகிற பெஞ்சு. அசைந்தால் கிறீச்சிடும் என்று வேறு யாரும் அதில் உட்காரமாட்டார்கள்.

செயலாளர் தொழிலால் பல் டாக்டர். பல்லைப் பிடுங்கும்போது பேசுகிற அதே பதமான குரலில், பாஸ்டர் இருக்கட்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். சபை நிசப்தமாக இருந்தது. இந்த ஒரே ஒரு தடவை, ஆண்டவரே, இந்த ஒரு தடவை மட்டும் என்று பாஸ்டர் உள்ளுக்குள் மன்றாடினார்.

"போகட்டும்னு சொல்றவங்க."

பெஞ்சு கிறீச்சிட்டது. பாவம், அழுகிறாள் என்று பாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

ஒரு கை வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

எல்லாரும் போன பிறகும் அவர் மேடைப்படியிலேயே உட்கார்ந்திருந்தார். மரக்கடைக்காரர் தயங்கித் தயங்கி வந்து, தன் வீட்டின் கீழ்ப்பகுதி காலியாகத்தான் இருக்கிறது, கடைசிவரைக்கும் அங்கேயே இருக்கலாம், வாடகைப் பேச்சே வேண்டாம் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நீட்டிய சாவியைப் பாஸ்டர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர் மனைவிதான் வாங்கிக்கொண்டாள்.

மரக்கடைக்காரர் தலை மறைந்ததும் பாஸ்டர் வெடித்தார்.

"அவன் எதிரி, அவனை விடு. கூடவே இருந்து கழுத்தறுத்துச்சே ஒரு கை, அது யாருதுன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சாகணும்."

அவள் சுவரோரம் போனாள். எப்போதும்போல ஐந்து படங்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கடைசியில் இருந்த காலண்டரை நேராக்கிவிட்டு, அதன்மேல் வைத்த கையை எடுக்காமலே சொன்னாள்:

"இந்த ஆணியில காலண்டரே தொங்கட்டும்னு நான்தாங்க தூக்கினேன்."