முப்பத்தொரு நகல்கள்

"2024 மே 17, வெள்ளி. இன்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன்" என்று நோட்டில் எழுதிய தாட்சாயணி, 'சின்ன' என்ற சொல்லை அடித்தாள்.

எதிரே சிட்டிபாபு லேப்டாப்பையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புத்தூரில் அவருடைய மைக்செட் கடையில் அவள் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பகலில் இங்கே வேலை. மாலையில் பஸ் பிடித்துத் திருப்பதியில் கம்ப்யூட்டர் வகுப்பு.

கல்யாணம், காதுகுத்து, சாவு, திருவிழா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே லேப்டாப்தான். அதில் ஆறாயிரம் பாட்டு. பாதிப் பாட்டுகளில் பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ வெப்சைட் பெயர். போன வாரம் ஒரு மஞ்சள் நீராட்டில் 'சாமி பாட்டு' என்று குறித்திருந்ததைத் தட்ட, ஒப்பாரி கிளம்பிவிட்டது. பெண் வீட்டார் சிட்டிபாபுவை விளக்குமாற்றால் அடிக்காத குறை.

"எல்லாத்தியும் சுத்தம் பண்ணிடு தாட்சா. கிளாஸுக்குப் போயி பஜ்ஜி துன்னுட்டு வர்றது மட்டும் படிப்பில்ல" என்று அவர்தான் சொன்னார்.

அவளும் அவசரப்படவில்லை. பெயர், நீளம், அளவு. மூன்றும் ஒத்துப்போனால்தான் நகல் என்று முடிவு செய்தாள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்தாள்.

இன்று காலை ஒரே பாட்டு முப்பத்தொரு முறை வந்தது. மூன்றும் ஒத்துப்போயின.

ஆல்பம் பெயர் போடும் இடத்தில் மட்டும் ஒவ்வொன்றிலும் ஓர் ஊரின் பெயரும் தேதியும் இருந்தன. பழைய ஆர்டர் விவரம், இனி எதற்கு என்று நினைத்தாள். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

முப்பதை அழித்தாள். மிஞ்சிய ஒன்றில் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு, படத்தின் பெயரைப் போட்டாள். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள்.

"இதுல ஊருங்கள்லாம் இருந்துச்சே, எங்க தாட்சா?"

"பாட்டு இருக்குது மாமா. ஒண்ணு போதும்னு..."

"பாட்டு எனுக்கு எதுக்கு? அது மண்டைக்குள்ளயே ஓடிக்கினு கீது."

பிறகுதான் அவர் விஷயத்தைச் சொன்னார்.

அது நளினியின் பாட்டு. நளினி அவருடைய ஒரே மகள். தாட்சாயணியோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். மூன்று வருடத்துக்கு முன் ஒருவனோடு போய்விட்டாள். சின்ன வயதில் அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடி வருவாளாம்.

எந்த ஊருக்குப் போனாலும், குழாய் ஸ்பீக்கரைக் கழற்றுவதற்கு முன் கடைசியாக அந்தப் பாட்டை முழுச் சத்தத்தில் வைப்பார். தெரு முழுக்கப் பார்ப்பார். யாரும் வரவில்லை என்றால், பாட்டை ஒரு நகல் எடுத்து, அதில் அந்த ஊரின் பெயரை எழுதிவைப்பார். பிறகு அந்த ஊர் ஆர்டரை எடுக்கமாட்டார்.

நளினி இல்லாத ஊர்களின் பட்டியல் அது. வேறெங்கும் அவர் எழுதிவைக்கவில்லை. அழித்ததைத் திரும்ப எடுக்க அவள் மதியம் முழுக்க முயன்றும் ஒன்றுகூட வரவில்லை.

"விஜயபுரம், பங்காருபாளையம்..." விரல் விட்டு எண்ணினார். அவள் எழுதினாள். பத்தொன்பதில் நின்றுபோனார். "சத்தியவேடு போனமா?" என்று அவளையே கேட்டார்.

தாட்சாயணி பேனாவை மூடிவைத்தாள். நளினி போன அன்று இந்த மனிதர் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் அரிவாளோடு நின்றதை ஊரே பார்த்தது. அன்று நளினி எங்கே என்று அவர் கேட்டபோது, எனக்குத் தெரியாது என்றாள். போலீஸிடமும் அதையே சொன்னாள். ஊர் ஊராகத் தேடுவது அந்த அரிவாளா, வேறு ஏதாவதா?

"கண்டுபுடிச்சா இன்னா பண்ணுவீங்க மாமா?"

அவர் தரையில் கிடந்த ஒயரை எடுத்து முழங்கையில் சுற்றத் தொடங்கினார். பாதி ஒயர் சுற்றி முடிந்தது.

"அவ கிட்ட வரவே வேணாம். வாசப்படியில நின்னு கேட்டாப் போதும். நான் குழாயக் கழட்டிக்கினு வந்துடுவேன்."

தாட்சாயணி அவருடைய கண்ணைப் பார்த்தாள். குரலைத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். ஒயர் சுற்றும் கையைப் பார்த்தாள். மூன்றும் ஒத்துப்போயின.

காலையிலும் மூன்றும் ஒத்துத்தான் போயிருந்தன.

இன்னொரு முறை சரிபார்த்தாள். ஒயரின் கடைசி முனை கைக்கு வந்த பிறகும் அவர் சுற்றிக்கொண்டேதான் இருந்தார்.

நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, தேதிக்குக் கீழே எழுதினாள்.

"நாளை: திருச்சானூரில் கங்கம்மா கோயில் பொங்கல். காலை ஆறு மணிக்கு வண்டியில் சாமான் ஏற்ற வேண்டும். இரண்டாவது குழாயைப் பச்சை மாடி வீட்டைப் பார்த்துக் கட்டச் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால், இந்தப் பக்கம் எதிரொலி அடிக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். பொங்கல் ஒரு மணிக்கே முடிந்தாலும் அந்தப் பாட்டை மூன்றுக்கு மேல்தான் போட வேண்டும். அதுவரை நளினியின் குழந்தை தூங்கும்."