கத்தாமல் கத்துவது

அறையில் இருந்தவர்கள்: பாடகி ரெபேக்கா, டிரம்ஸ் அடிக்கும் இம்தியாஸ், கிட்டார் வாசிக்கும் செல்வின், அவனுடைய பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர், ரெபேக்கா வாங்கி வந்திருந்த சோப்புப்பெட்டி அளவு பெடல்.

ஆம்ப்ளிஃபையரை முழுக்கத் திருகினால்தான் அது திணறிக் கரகரக்கும். செல்வின் உயிர் அந்தக் கரகரப்பில்தான் இருந்தது. வாசிக்கக் கூப்பிட்ட ஓட்டல்காரரோ, சாப்பிடுகிறவர்களுக்குத் தொந்தரவு கூடாது என்று சொல்லிவிட்டார். பெடலை மிதித்தால் கிட்டார் மெல்லிய சத்தத்திலேயே கரகரக்கும்.

"கத்தாமலே கத்தின மாதிரி இருக்கும்டா," என்றாள் ரெபேக்கா.

"அப்போ நீயும் வாயை மட்டும் அசைச்சுட்டுப் போ."

இம்தியாஸ் இரண்டு கரகரப்பையும் பதிவு செய்து, ஒரே சத்தத்தில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினான். சுவரைப் பார்த்து நின்ற செல்வின், எது ஆம்ப்ளிஃபையர், எது பெடல் என்று ஒருமுறைகூடத் தவறாமல் சொன்னான்.

"சரி மச்சான், உனக்குத் தெரியுது. சாப்பிட வர்றவனுக்குத் தெரியுமா?" என்றான் இம்தியாஸ்.

"தெரியாதுன்னா அவன் இலையில எதை வேணா வைப்பியா?"

"பெடல்ல வாசி. இல்லன்னா கிளம்பு."

சூடு ஆறாத ஆம்ப்ளிஃபையரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு செல்வின் வெளியேறினான். தன் கிட்டார் அறையில், பெடலுக்குப் பக்கத்திலேயே சாய்ந்திருப்பது வாசல்படியில்தான் உறைத்தது. திரும்புவதற்குள் கதவைச் சாத்தி உள்பக்கம் பூட்டிக்கொண்டார்கள்.