செப்புப் பந்துக்கு எத்தனை அறிவு

ராஜகிரிக் கோட்டைக்குப் பின்னால் சாயும் வெயில் ஜெயமாலாவின் கிணற்றடித் தொட்டியில் விழுந்து தகதகக்கிறது. அதில் மிதக்கும் செப்புப் பந்தை அவள் கண்கொட்டாமல் பார்க்கிறாள். தொட்டி நிரம்பினால் பந்து மேலேறுகிறது, மோட்டார் நின்றுவிடுகிறது. மடையைத் திறந்து மல்லாட்டைக் கொல்லையின் நிலக்கடலைச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டால் பந்து இறங்குகிறது. யார் கையும் படாமல் மோட்டார் உறுமி எழுகிறது. போன மாதம்வரை கவலை இழுத்து இந்தக் கிணற்றில் நீர் இறைத்த மாடுகூட அதட்டினால்தான் நகரும். அவளுக்குப் புல்லரிக்கிறது.

"அதுக்கு எப்படிப்பா தெரியுது?"

"தண்ணி தொடுறது தெரியுதும்மா, அவ்ளோதான்," என்று சிரிக்கிறான், அதைப் பொருத்த வந்த மெக்கானிக் பச்சமுத்து.

தொடுவது தெரிந்தால் ஓரறிவு. புல்லுக்கும் மரத்துக்கும் அவ்வளவுதானே? குடிதண்ணீர் வடிகட்டிய துணியைக்கூட, அதில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்காகக் கிணற்றிலேயே அலசிவிடுகிற ஜைன வீட்டுக்காரி அவள்.

அடுத்த முறை பந்து இறங்கியும் மோட்டார் எழவில்லை. "மக்கர் பண்ணுது," என்று ஸ்பேனரை ஓங்குகிறான் பச்சமுத்து. சுவிட்சுப் பெட்டியின் மேல் அவள் உள்ளங்கை விரிகிறது.

"அடிக்காதப்பா."

"இன்னாம்மா, இரும்புக்கு வலிக்குமா?"

"வலிக்காதுன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

கிணற்றுக்குள் ஒரு புறா சிறகடித்து ஓய்கிறது. அவன் அவள் முகத்தைப் பார்க்கிறான், பெட்டியைப் பார்க்கிறான். ஸ்பேனரைச் சத்தமில்லாமல் புல்லில் வைத்துவிட்டு, தூங்குகிறவர் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல விரல் முட்டியால் மெல்லத் தட்டுகிறான். மோட்டார் எழுகிறது. இருவருமே ஓரடி பின்வாங்குகிறார்கள்.