வரைகோட்டில் ஒரு பள்ளம்

விருது விழா அரங்கில் முதலில் கைதட்டியவள் அவள்தான். மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் இருந்த அக்கா முழங்கையால் இடித்தாள். "ஆராய்ச்சிக் கட்டுரையில உன் பேரைத் தூக்கிட்டுத் தன் பேரை மட்டும் போட்டுக்கிட்ட மனுஷனுக்கா இப்படிக் கைதட்டுற? சொரணையே இல்லையாடி உனக்கு?"

"பொறுத்துப் பாருக்கா."

மேடையில் பேராசிரியர் திரையைச் சுட்டினார். நேராக ஓடிவந்த வரைகோடு ஓரிடத்தில் பொசுக்கென்று பள்ளத்தில் இறங்கியது.

"அது என்ன குழி?" என்றாள் அக்கா.

"நட்சத்திரங்களுக்கு நடுவுல தூசி மேகம் இருக்குல்ல, அது அகச்சிவப்பு ஒளியை அந்த இடத்துல முழுங்கிடும். தூசியில என்ன கரி இருக்குன்னுதான் தெரியல. நான் செஞ்ச கரிப்பொடியும் அச்சு அசலா அதே இடத்துல முழுங்குச்சு."

"அப்ப கண்டுபிடிச்சது நீதானே?"

அவள் சிரித்தாள். கட்டுரை வெளியான அன்று, தன் பெயர் இல்லாத பக்கத்தைப் பார்த்து அழுது முடித்தபின், முன்பே செய்திருக்க வேண்டிய சோதனையை அவள் செய்தாள். பொடியே இல்லாத வெறும் தட்டைக் கருவியில் வைத்து அளந்தாள். அதே பள்ளம். காரணம் பொடி அல்ல; அவள் கைக்குப் பூசும் கிரீமின் எண்ணெய் தட்டில் ஒட்டியிருந்தது.

யாரிடமும் மூச்சு விடவில்லை. அவர் விருது வாங்கி உச்சிக்கு ஏறட்டும், விழும்போது நாலு பேர் பார்க்க விழட்டும் என்று காத்திருந்தாள். ஆய்வுக்கூடத்துப் பக்கமே எட்டிப் பார்க்காதவர். கேட்டால் திருதிருவென்று முழிப்பதைத் தவிர வேறென்ன செய்வார்?

"யாருக்காவது சந்தேகம் இருந்தா கேக்கலாம்" என்றார் பேராசிரியர்.

அவள் எழுந்து மைக்கை வாங்கினாள். "சார், வெறும் தட்டை அளந்து பாத்தீங்களா? கைக்குப் பூசற கிரீம் பட்டிருந்தாக்கூட இதே பள்ளம் வருமே."

முன்வரிசை விஞ்ஞானிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேராசிரியரின் முகம் வெளுப்பதை அவள் ஆசை தீரப் பார்த்தாள்.

அவர் நிதானமாகத் தண்ணீர் குடித்தார். பிறகு, அவர் வாயால் கேட்க அவள் ஏங்கிக் கிடந்ததை, கடைசி வரிசைவரை கேட்கும்படி சொன்னார்.

"பொடி செஞ்சது, அளந்தது எல்லாமே நீதானேம்மா, நீயே சொல்லு."